நோவே இல்லாத ஆபரேஷன்

“நோவே இல்லாம யாராச்சும் வயித்தக் கீறிக்குவாங்களா? உன்னப் படிக்க வச்சதுதான் தப்பாப் போச்சு!”

நைனா இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். பழியும் எனக்குத்தானே முதலில் வரும்!

அம்மாவும் பெரியம்மாவும் சினைப்பைப் புற்றுநோயில் போனார்கள். பெங்களூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் ஜீன் டெஸ்ட் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. முதலில் அக்காவை இழுத்துக்கொண்டு போய் அதை எடுக்க வைத்தேன். ரிசல்ட்... புற்றுநோயை வரவழைக்கும் ஜீன் அவளுக்கும் இருந்தது, ரிஸ்க் அதிகம். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு.

திருப்பதி டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று கண்காணிக்கலாம் — ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும் — ஆனால் மாதவிலக்கு சட்டென்று நிற்கும், உடம்பு தகிக்கும், எலும்பைக் கவனிக்க வேண்டும்.

அக்கா பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் தரம் பிரிப்பவள். ஒரே கேள்விதான் கேட்டாள்.

“கொட்டைக்குள்ள வண்டு பூந்த காய், மேல பாத்தா மினுமினுன்னுதான் இருக்கும் மேடம். ஸ்கேன்ல பாக்கிறதும் அப்டித்தானா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அதேனம்மா... கரெக்ட்டா அதே!”

“அப்ப எடுத்துடுங்க.”

நாலு நாள் கூகுளைக் குடைந்த நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூத்து எல்லாம் திரும்பி வந்த சித்தூர் பஸ்ஸில்தான். எங்கள் பக்கம் ஆபரேஷன் என்றால் ஒன்றே ஒன்றுதானே — குடும்பக் கட்டுப்பாடு! அதே பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டு அத்தை விஷயம் கேட்டுப் பதறிப் போனாள்.

“ஏண்டி, சின்னவன் பொறந்தப்பவே பண்ணிக்கினியே... கட்டுனது அவுந்துக்கிச்சா?”

“ஆமா அத்தே. அதான் இந்தவாட்டி மூட்டையோட எடுக்கச் சொல்லிக்கீறேன்!” என்றாள் அக்கா.

பஸ்ஸே குலுங்கியது. கண்டக்டர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், பாவம்.

போன மாதம் ஆபரேஷன் முடிந்தது. எடுத்ததைப் பரிசோதித்ததில் புற்றுநோய் எதுவும் இல்லை. நைனாவா விடுவார்? “அதான் ஒண்ணும் இல்லியே, அப்புறம் எதுக்கு?”

“ஒண்ணும் இல்லாதப்பவே எடுத்ததுதான், நைனா, சமாச்சாரம்!” என்றாள் அக்கா, பாகாலாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஆப்பிளைக் கடித்தபடி.

சரி, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு அத்தனை தைரியம் சொன்ன நான், என் டெஸ்ட்டை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு இருபத்தெட்டுதான். அந்த ஜீன் இருந்தாலும் ஆபரேஷனைப் பற்றி யோசிக்க இன்னும் வருடங்கள் இருக்கின்றன என்கிறார் டாக்டரம்மா. தெரிந்துகொள்வதற்கு எதற்கு வருடங்கள்?

இதை ஒற்றைக் கையால்தான் டைப் செய்கிறேன். இன்னொரு கையில் பஞ்சு — இப்போதுதான் அந்த டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.