போக ஏழரை, வரப் பதினெட்டரை

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமான இரண்டாம் வருஷம், என் வீட்டுக்காரரை மில்காரர்கள் மெஷின் பயிற்சிக்காக ஆறு மாதம் லண்டனுக்கு அனுப்பினார்கள். கார்த்திகையில் போத்தனூரில் ரயிலேற்றிவிட்டோம். பம்பாயிலிருந்து விமானம். ஊரை ஒட்டியே விமானத் தளம் இருந்ததால் சூலூர்க்காரர்களான எங்களுக்கு விமானச் சத்தம் காக்காய்ச் சத்தம் மாதிரிதான். ஆனால் அதில் ஏறிப் போன ஒருவரையும் அதுவரை பார்த்ததில்லை.

அவர் எனக்கு விட்டுப்போனது விமானக் கம்பெனியின் கால அட்டவணை ஒன்று. மாமியார் தோட்டத்துக்குப் போய்விடுவார். பேச ஆளில்லாத மத்தியானங்களில் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் ரயில் கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பம்பாயில் காலை ஏழுக்குக் கிளம்பினால் லண்டனில் பகல் இரண்டரை. ஏழரை மணி நேரம்.

"ஏழரையாங் கண்ணு? அந்தப் பேச்சே வேண்டாம், எட்டுன்னே சொல்லு" என்றார், சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்பிய அத்தை.

திரும்பும் விமானத்தைப் பார்த்தேன். லண்டனில் காலை பத்துக்கு ஏறினால் பம்பாய் வந்து சேர மறுநாள் விடிகாலை நாலரை. பதினெட்டரை மணி நேரம்! மூன்று முறை போட்டுப் பார்த்தும் அதேதான் வந்தது.

வருவது மட்டும் இவ்வளவு கஷ்டமா என்று பயந்துபோய் அத்தையிடமும் சொன்னேன். காற்றுதான் காரணம் என்று நினைத்தேன். சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லுக்கு அவர் சைக்கிளில் போகிறவர். ஆடி மாதம் பாலக்காட்டுக் காற்று முகத்தில் அறையும். காலையில் போய்ச் சேருவதற்குள் படாத பாடு படுவார். சாயங்காலம் அதே காற்று முதுகைத் தள்ள, காபித் தண்ணி கொதிப்பதற்குள் வாசலில் நிற்பார். போகத்தான் சிரமம், வீட்டுக்கு வர இல்லை. லண்டனில் மட்டும் காற்று ஏன் தலைகீழாக அடிக்கிறது? இதைக் கேட்டே அவருக்குக் கடிதம் எழுதினேன். நானாகக் கண்டுபிடித்தேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

மாசியில் பதில் வந்தது. அத்தைக்கு எழுத்துத் தெரியாது. வழக்கம்போல் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். நான் படித்தேன்.

"அம்மணி, காற்றுமில்லை ஒன்றுமில்லை. இங்கே கடிகாரம் நம்மூரைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். நாலாயிரத்து ஐந்நூறு மைலுக்குப் போகவும் பதிமூன்று மணி நேரம், வரவும் பதிமூன்று மணி நேரம். உன் கணக்கை ரூமில் எல்லோருக்கும் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள்."

சுருக்கென்றது. என் பயத்தை இப்படியா நாலு பேர் முன்னால் விரித்துக் காட்டுவது? அடுத்த வரி ஓரத்தில், பொடி எழுத்தில் இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், சரியென்று சொல்லிவிட்டேன்.

அந்த வரி என் வாயில் வரவில்லை. அத்தை எதிரே இருந்தும் அந்த வீட்டில் நான் ஒருத்தியாகவே இருந்தேன்.

"ஏங்கண்ணு நிறுத்திப்போட்ட? வாரதுக்கும் பதிமூணு மணி நேரந்தானா?"

"பதிமூணுதானுங்க அத்தை."

"அட! நீ என்னமோ பதினெட்டரைன்னு பயமுறுத்திப்போட்ட. அப்ப மாரியம்மன் நோம்பிக்கு வந்துருவான் போ" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். பரண்மேல் சுருட்டி வைத்திருந்த மகனுடைய மெத்தையை அப்போதே வெயிலில் போட வேண்டுமாம்.

இலவம்பஞ்சு மெத்தை, ஒற்றை ஆளால் இறக்க முடியாது. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுமுனையை நான் பிடித்தேன்.