மூடிய கிணற்றுக்குள் இறக்கிய மிசின்

மிசின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செல்வராசா அண்ணையின் சத்தம்தான் நின்றுபோயிற்று. கிணற்றுக்குள் நின்றாலும் வாய் ஓயாத மனிதர் அவர். மேலே குழாய் அறுத்துக்கொண்டிருந்த நான் வாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். புகைதான் தெரிந்தது.

தண்ணீர் மோட்டர் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். எவரும் உட்காரவைத்துப் படிப்பித்ததில்லை. கழற்றிக் கழற்றிப் பழகியது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த நாளை எழுதிவைக்கிறேன்.

1. பந்தல் நின்ற காணி

இணுவிலில் இருந்து யாழ்ப்பாணம் வரும் வழியில், இன்று மதிலோடு மதில் முட்டி வீடுகள் நிற்கும் அந்த இடத்தை இன்னும் முந்திரிகைத் தோட்டத்தடி என்றுதான் சொல்லி பஸ்ஸை நிற்பாட்டுவார்கள். திராட்சைக்கு எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்று பெயர். ஒரு காலம் அது முழுக்கக் கம்பிப் பந்தல். அண்ணை அங்கே தண்ணீர் இறைக்கப் போனவர். "முந்திரிகை பச்சைப்பிள்ளை மாதிரியடா தம்பி. குடிச்சாலும் அழும், குடிக்காட்டிலும் அழும்" என்பார்.

தோட்டத்துக்கு ஒரே கிணறு. அகலமானது, திறந்தது. இறைக்கிற மிசின் மேலே இருந்தால் இருபத்தைந்து அடிக்குக் கீழே தண்ணீரை இழுக்காது. கோடையில் தண்ணீர் இறங்கினால், கிணற்றுக்குள் இருக்கும் கல் தட்டில் மண்ணெண்ணெய் மிசினை இறக்கிவைத்து ஓட்டுவார்கள். எல்லாத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். காற்று அள்ளிக்கொண்டு போகும். புகையைப் பற்றி யாருக்கும் நினைப்பே வந்ததில்லை.

பிறகு சண்டை, இடப்பெயர்வு. திரும்பி வந்தபோது கம்பியும் இல்லை, தூணும் இல்லை, கொடியெல்லாம் காய்ந்து விறகு. உரிமைக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தபடியே துண்டு துண்டாக விற்றார்கள். அண்ணையின் மருமகன் குகன் ஒரு துண்டை வாங்கி வீடு கட்டினான். எல்லைக்கோடு சரியாகக் கிணற்றின் நடுவால் போயிற்று. கிணறு இரண்டு வீட்டுக்கும் பங்கு. நடுவில் மதில் எழும்பியது. பிறகு பிள்ளைகள் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் கொங்கிறீற் பிளேட் போட்டு மூடினார்கள். இறங்குவதற்குக் குகன் பக்கம் மட்டும் இரண்டடிச் சதுரத்தில் ஒரு வாசல். அடுத்த வீட்டுக்காரர் தன் பாதிக்கு மேலே டைல் ஒட்டிப் பூச்சாடி அடுக்கியிருந்தார்.

2. சேறு அள்ளப் போன நாள்

அந்தக் கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இறைத்துச் சேறு அள்ள வேண்டும். நான் குழாயை நீட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். அண்ணை தன் பழைய மிசினைக் கயிற்றில் கட்டினார்.

"உதுக்குள்ளையோ இறக்கப் போறியள்? ஒரே இருட்டாக் கிடக்கு" என்றேன்.

"மேலை வச்சால் இழுக்குமே? விசர்க்கதை கதைக்கிறாய். என்ரை மனிசியோடை இருந்ததிலும் பாக்க இந்தக் கிணத்தோடைதான் கூடக் காலம் இருந்திருக்கிறன். அவள்தான் ஏசுவாள், இது ஏசாது."

எல்லாரும் சிரித்தோம். மற்றப் பக்கத்துப் பிளேட்டையும் எடுப்போமா என்று குகன் கேட்டான். அடுத்த வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐயோ தம்பி, டைல் ஒட்டி ஒரு கிழமைகூட இல்லை" என்றார். அண்ணையும், "விடு, கொஞ்ச நேர வேலை" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அண்ணையின் சத்தம் நின்றதும் குகன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்று வாசலில் காலை வைத்தான். நான் இடுப்போடு கட்டிப் பிடித்தேன்.

"விடுங்கோ அண்ணை! மாமா உள்ளுக்கை!"

"நீ இறங்கினால் நீயும் உள்ளுக்கைதான்!"

"விடடா!"

என்னைவிட எத்தனையோ வயது இளையவன். அன்றுதான் என்னை "டா" போட்டான். முழங்கையால் என் வாயில் இடித்தான். நான் விடவில்லை. அடுத்த வீட்டுக்காரர் இரும்பு அலவாங்கோடு ஓடிவந்து, தன் டைலைத் தானே குத்திப் பிளேட்டைக் கிளப்பினார். "திறந்திருக்கலாமே, திறந்திருக்கலாமே" என்று சொல்லிச் சொல்லிக் குத்தினார். எண்ணெய் முடிந்து மிசின் தானாக நின்றது. புகை வெளியேறிய பிறகுதான் ஆள் இறங்கிக் கயிறு கட்ட முடிந்தது. அண்ணை முழங்கால் அளவு தண்ணீரில் சுவரோடு சாய்ந்து, களைத்து இருந்தவரைப் போல இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் முன்னமே போய்விட்டது, மிசின் புகைதான் காரணம் என்றார்கள்.

3. சொல்ல வேண்டியது

கிணறு அதே கிணறுதான். சுற்றி வீடு வந்து, நடுவில் மதில் வந்து, மேலே மூடி வந்தபிறகு அது வேறு இடம். தோட்டத்தில் பழகிய பழக்கத்தை நாங்கள் அப்படியே வீட்டு வளவுக்குள் கொண்டுவந்துவிட்டோம். எண்ணெயில் ஓடும் மிசினைக் கிணற்றுக்குள் இறக்காதேயுங்கள், திறந்த கிணறென்றாலும்கூட. தண்ணீருக்குள் ஓடும் கரண்ட் மோட்டர் இப்போது எங்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. அதுவும் ஆள் கிணற்றுக்குள் நிற்கும்போது ஓடக்கூடாது.

இன்னொன்றும் உண்டு, அதுதான் கஷ்டமானது. உள்ளே ஒருவர் பேசாமல் போனால், மேலே நிற்பவர்களில் யார் முதலில் பாயப் போகிறார் என்று பாருங்கள். அவரைப் பிடியுங்கள்.

அண்ணை செத்த முப்பத்தோராம் நாள் செலவு வீட்டில் குகன் எனக்குச் சோறு போட்டான். போட்டுவிட்டுக் குனிந்து, "நீங்கள் விட்டிருந்தால் நான் மாமாவைத் தூக்கியிருப்பன், அண்ணை" என்றான். இன்றைக்கும் வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சைக்கிளில் முன்னுக்கு மகளை வைத்து என்னைக் கடந்து போவான். நான் நின்று பார்ப்பேன். ஆள் போகிறான், அது போதும்.