பெட்டிக்குள் இல்லாத கடிதங்கள்

மலையாளச் சீமையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்கள்கூட, பக்கத்துச் சந்து மாடியிலிருந்து அஜிதாவின் குரலைக் கேட்டிருப்பார்கள். அப்படியொரு தொண்டை. இரண்டாயிரத்து நாலு வாக்கில் அந்த மாடியில் ஒரு நெட் கஃபே இருந்தது; நடத்தியவள் அவள். கட்டடமும் கம்ப்யூட்டர்களும் வன்னியபெருமாள் அண்ணாச்சியுடையவை. துபாய்க்குக் கட்டட வேலைக்கு ஆள் அனுப்புகிற திருநெல்வேலிக்காரர்.

அவர் அனுப்பிய ஆட்களின் வீட்டுக்காரிகளில் பாதிப் பேருக்கு மெயில் என்றால் அஜிதாவின் மெயில்தான். அத்தனை குடும்பத்துக்கும் ஒரே முகவரி, ஒரே பாஸ்வேர்டு. புருஷன்மார் எழுதுவதை அவள் தணிந்த குரலில் வாசித்துக் காட்டுவாள், படங்களைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பாள். வாசித்ததை வெளியே மூச்சு விடமாட்டாள். அந்தத் தொண்டைக்கு அது பெரிய விரதம்தான்.

ஒருநாள் மாடம்மாளின் புருஷன் சுடலைக்கண்ணு எழுதியிருந்தான். பாஸ்போர்ட்டைக் கம்பெனியில் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். யாருக்கும் தெரியாமல் தூதரகத்துக்குப் போகப் போகிறானாம். அண்ணாச்சி காதில் விழுந்தால் அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். மாடம்மாள் அழுதபடி படியிறங்கியதைக் கண்ட யாரோ வன்னியபெருமாளிடம் வத்தி வைத்துவிட்டார்கள். விடுவாரா மனிதர்? மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

“சுடலை என்னம்மா எழுதியிருக்கான்? அதைக் கொஞ்சம் தொற.”

“அது அவன் பெஞ்சாதிக்கு வந்தது அண்ணாச்சி. காட்டப் பற்றாது, முடியவே முடியாது.”

“என் கம்ப்யூட்டர்ல வந்த மெயில் எனக்குள்ளதாக்கும்.”

“உங்க மாடிப்படியில நின்னு ரெண்டு பேரு பேசுனா அந்தப் பேச்சும் உங்களுக்குள்ளதா? கொள்ளாமே, நல்ல நியாயம்!”

“கடையப் பூட்டிருவேன், கேட்டியா?”

“பூட்டுங்க. எனக்கு வேற வேலை கிடைக்கும். அவனுக்கு வேற உசிரு கிடைக்காது.”

அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. பயமாகத்தான் இருந்தது; கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மெயிலை மூடினாள், கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? கம்ப்யூட்டர் பெட்டிகளை எல்லாம் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார், கடிதங்கள் உள்ளே அகப்பட்டுவிட்ட தைரியத்தில். திருகாணியைக் கழற்றித் துருவிப் பார்த்த மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

“இதுக்குள்ள ஒந்நுமில்ல சாரே. மெயிலெல்லாம் எங்கயோ தூரத்துல வேற கம்ப்யூட்டர்ல கெடக்கும். பாஸ்வேர்டு இல்லாம நடக்காது.”

அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

இரண்டொரு நாளில் அஜிதா தம்பானூரில் வேறொரு கஃபேயில் காசு கொடுத்து உட்கார்ந்து அதே மெயிலைத் திறந்தாள். பக்கத்தில் மாடம்மாள். சுடலைக்கண்ணு தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சேதி வந்திருந்தது. மாடம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

“மெயில இனிமேலும் நீயே வச்சுக்க மக்கா. உன்கிட்ட இருந்தா பயமில்ல.”

“வேண்டாம் மைனி. என்கிட்ட இருக்குன்னுதானே அந்த ஆளு என்கிட்ட வந்து நின்னான்? நாளைக்கு எவனாவது கழுத்தப் புடிச்சா நான் சொல்லிப்போடுவேனோ என்னமோ.” அங்கேயே மாடம்மாள் பேரில் புது மெயில் ஒன்றைத் தொடங்கினாள். “பாஸ்வேர்டா மனசுல ஒரு நம்பரை நெனச்சு அடிங்க. என்கிட்டச் சொல்லக் கூடாது.”

மாடம்மாள் ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்கினாள். அத்தனை வீட்டுக் கதையையும் வாசித்தவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

“அடிச்சாச்சு” என்றாள் மாடம்மாள். “அந்த அண்ணாச்சி மட்டுமில்ல, இனி நீ கேட்டாலும் சொல்லமாட்டேன், பாத்துக்க.”