ரோஸ் ஓடும் மாதம்

முதலிபாளையத்தில் ஒரு தறிக்கூடம். பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணியை நாடாவாகக் கிழித்து, கைத்தறியில் தரைவிரிப்பு நெய்கிறார்கள். எங்கள் புது ஃபிளாட்டின் சாம்பல் நிறச் சோபாவுக்குப் பொருத்தமாக ஒன்று வேண்டும். கூடம் முழுக்க ரோஸ்.

“சாம்பல் இல்லையா?”

“போன மாசம் வந்திருக்கோணுங்க. இப்ப கம்பெனியில ரோஸ் ஆர்டர் ஓடுதுங்க. அவங்க வெட்டற கலரைத்தானுங்க நாங்க நெய்யறோம்,” என்கிறார் தறியிலிருக்கும் சரஸ்வதி. “செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சுப் பாருங்க.”

மிதிக்கிறேன். மெத்தென்று இருக்கிறது; விரிப்பை விட்டுக் கால் இறங்க மறுக்கிறது.

“சோபா சாம்பலாச்சே!”

“உறை தெச்சுப் போட்டுக்கோங்க. ரோஸ் துணியும் இருக்குதுங்க.”

விரிப்பும் உறைத் துணியுமாக இரண்டு மூட்டைகளோடு பஸ் ஏறி, செல்போனில் கணவரைக் கூப்பிடுகிறேன்.

“பெயிண்டர் இன்னும் சுவருக்குச் சாம்பல் அடிக்க ஆரம்பிக்கலையே?”