மாலை போட்டிருந்த ஞாயிறு

கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக நான் படியேறும் சத்தம் கேட்டதுமே தாழ்ப்பாளை நீக்கிவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறவள், அன்றைக்குக் கம்பியைக்கூடத் தொடாமல் இரண்டடி தள்ளிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். தலையில் ஈரத் துண்டு. கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு, காலை ஒன்பது மணியாகியும் ஆதம்பாக்கத்தில் வெயில் ஏறவில்லை. "சாமி, உள்ள வராதீங்க. நான் தூரமாயிட்டேன்" என்றாள். மாதவிலக்கை எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தேன். மாலை கழுத்தில் ஏறிவிட்டால், தூக்கி வளர்த்த அக்காவுக்கும் தம்பி சாமிதான். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள் நீங்க வாங்க என்று மரியாதையாகப் பேசும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். அதற்குள் கொஞ்சம் பெருமையும் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். விலக்காகி இருக்கும் பெண் இருக்கிற வீட்டுக்குள் மாலை போட்டவன் கால் வைக்கக் கூடாது, அவள் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம். அது சரியா தவறா என்று அன்றுவரை நான் ஒரு நிமிஷமும் யோசித்தவனில்லை.

எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாகியும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா வீடுதான். மயிலாப்பூரில் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மற்ற மாதங்களில் மீன் குழம்பு மணம் தெருமுனைக்கே வந்து கூப்பிடும். மாலை போட்ட மாதங்களில் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். எனக்கென்றே தனியாக வைத்திருந்த பாத்திரங்கள் இறங்கும். விடியும் முன்பே தலைக்குக் குளித்துவிட்டு, வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சொதி வைப்பாள், கூட இஞ்சித் துவையல். திருநெல்வேலியிலிருந்து எங்களோடு வந்த சமையல் அது. "தேங்காப்பால ஊத்திட்டு அங்க இங்க பராக்குப் பாத்தா திரிஞ்சிரும், அடுப்புகிட்டயே நிக்கணும்" என்பாள். நின்றாள். அந்த வருஷமும் அப்படித்தான் நின்றாள்.

அன்றைக்கும் சொதி பாதிக்கு மேல் ஆகிவிட்டதாம். முதல் பால் ஊற்றும் நேரத்தில்தான் தெரிந்ததாம். அடுப்பை அணைத்துவிட்டாள். அத்தான் வாழை இலை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். "அவர் வந்தா, சாமிக்கு ஏதோ அவசர வேலை, கிளம்பிட்டாருன்னு சொல்லிக்கிடுதேன். நீங்க எதுவும் சொல்லிராதீங்க. இந்த வயசுல போய் இப்படின்னா சிரிப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். சரி என்று படியிறங்கினேன்.

ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்ட அதே ஆட்டோக்காரர் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சாமி, வந்த கையோட கெளம்பிட்ட? வூட்ல யாரும் இல்லியா?" என்றார்.

"இருக்காங்க" என்று ஏறி உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு அதெல்லாம் நின்று ஐந்தாறு வருஷமாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகுதான், "இனிமே எந்த வருஷம் வேணாலும் மாலை போடு தம்பி, உனக்கு நான் சமைச்சுப் போடுதேன்" என்று அவளே என்னைத் தூண்டினாள். ஆட்டோ கிளம்பிய இரண்டாவது நிமிஷம் அந்தக் கேள்வி என் மண்டையில் வந்தே விட்டது. இந்த வயதில் எப்படி? வந்ததை நான்தான் விரட்டினேன். மாலை போட்ட சாமி பெண்களின் விலக்கைப் பற்றி யோசிப்பதாவது, அதுவும் கூடப் பிறந்தவளைப் பற்றி! சரணம் சொல்லிக்கொண்டே வேளச்சேரி வரை போனேன். உள்ளுக்குள் எரிச்சல் வேறு. ஒரு ஞாயிறு வீணாகிவிட்டது, பசிக்கிறது என்று. அட பாவி!

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். அடையாற்றில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன். மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு மறுபடி ரத்தப்போக்கு என்று டாக்டர் எழுதிய சீட்டு வந்தால், என் கை தானாக அதை மேலே எடுத்து வைக்கும். இதை முதலில் பாருங்கள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நான்தான் அதட்டுவேன். முன்பின் தெரியாத எத்தனையோ பெண்களுக்காக அவசரப்பட்டிருக்கிறேன்.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய பிறகு, ஜனவரி முதல் ஞாயிறு அரவணைப் பிரசாத டப்பாவோடு போனேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்னால உன் விரதத்துக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டாள். ஆகவில்லை என்றேன். நிம்மதியானாள். அன்றைக்கு வஞ்சிரம் வறுத்திருந்தாள், எனக்குப் பரிமாறும்போது நடுவில் இரண்டு முறை உட்கார்ந்துகொண்டாள். நான் நாக்குச் செத்துப் போயிருந்தவன், நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கினேன்.

மாசியில் குளியலறையில் மயங்கி விழுந்தாள். அவளுடைய ரத்தம் எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. இயந்திரத்தில் ஏற்றியவன் நான். ஹீமோகுளோபின் ஐந்து என்று காட்டியது. இயந்திரம் கோளாறு என்று மறுபடி ஓட்டினேன், பிறகு இன்னொரு முறை. கர்ப்பப்பையில் புற்று, கல்லீரல் வரை போய்விட்டது என்று அதே வாரம் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதமாகவே ரத்தம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. வெட்கப்பட்டு, துணியைத் தானே துவைத்து உலர்த்தி, ஒரு குருவிக்கும் தெரியாமல் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் உட்கார்ந்து அவளிடம் சண்டை போட்டேன். வேறு யாரிடம் போடுவது? "நான் ஒருத்தன் இந்த வேலையிலதானே இருக்கேன்? ஏன்க்கா எங்கிட்டக்கூட சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. "சொன்னேனே தம்பி. அன்னைக்கு வாசல்ல வச்சு உங்கிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றாள்.

ஆடி மாதம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் மாலை போடவில்லை. சாமி மேல் கோபமா என்று மனைவி கேட்டாள். சாமி என்ன செய்வார் பாவம். கோயிலுக்குப் போனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் ஆதம்பாக்கம் போகிறேன். போகாமல் இருந்து பார்த்தேன், அத்தான் போன் செய்துவிடுகிறார். தி.நகர் துணிக்கடையில் முப்பது வருஷம் சேலை விரித்துக் காட்டியவர் அவர், அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று இன்னும் தடவுகிறார். போன ஞாயிறு நல்ல பனி. அவர் அரிசி களைந்தார், நான் தேங்காய் துருவினேன். சொதி வைக்கலாம் என்று ஆரம்பித்தோம். பால் திரிந்துபோய்விட்டது. பரவாயில்லை என்று அதையே ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தோம்.

இரண்டாவது கவளத்தில் அவர் நிறுத்தினார். ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்தும் இடம்தான்.

"எட்டு மாசம், மாப்ள. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியலயே. உங்க அக்கா ஒரே ஒருத்தர்கிட்ட வாயத் திறந்திருந்தாக்கூட இன்னிக்கு இருந்திருப்பா. ஒருத்தர்கிட்ட, மாப்ள. அவளுக்கு அப்படி ஒரு ஆளு இல்லாமப் போச்சு பாருங்க."

"ஆமா அத்தான்" என்றேன். சொதியை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.