வாக்கியத்தோட சொல்லுங்க

இன்று காலை முதல் வேலையாகப் பேனாவுக்கு மை நிரப்பினேன். பட்டுச் சங்கத்தில் எழுத்தர் வேலைக்குத் தேர்வு.

ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதவைத்த அதிகாரி, "டை" என்றார்.

"எந்த டைங்க? சாயமா, சாவா? வாக்கியத்தோட சொல்லுங்க" என்றேன்.

"நாப்பது வயசுக்கு மேல வேலை தேடி வந்துக்கினு, எங்களையே கேள்வி கேக்கிறியேமா?"

"ரெண்டும் காதுக்கு ஒண்ணுதாங்க. ஒத்த நூலைக் காட்டி என்ன நெறம்னு கேட்டா, எங்க பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க. பக்கத்துல சேலைக் கரையை வச்சுப் பாத்துதான் சொல்வாங்க."

"அப்ப நூலையே பாத்துக்கினு வீட்டுல இரு. வேலை வேணும்னா நாளைக்கு வந்து மன்னிப்புக் கேட்டுட்டு எழுது."

"கேட்டுடேன், என்ன போவுது?" என்கிறார் என் வீட்டுக்காரர். இதைப் படிக்கும் நீங்கள் என்ன சொல்வீர்களோ.

என் முடிவை அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நாளை போவேன். மன்னிப்பு அல்ல, வாக்கியம்தான் கேட்பேன்.