எல்லை தாண்டாத போன்

பதினெட்டு இருபது வருடம் இருக்கும். மாமரமெல்லாம் பூவெடுத்து நிற்கிற தை மாதம். சித்தூர் மாவட்டத்தில் குடிபாலாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ரோட்டில் ஏறிக் கொஞ்சம் போனால் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் போனால் வேலூர். நான் அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வாக்கப்பட்டவள். தெலுங்கு காதில் விழுந்தால் புரியும், வாயிலும் ஒரு மாதிரி வரும். எழுத்து மட்டும் இன்றுவரை ஏறவில்லை.

அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்காரர் முதன்முதலாக செல்போன் வாங்கினார். சோப்புக் கட்டி மாதிரி ஒரு பட்டன் போன். அவருக்கு அதன்மேல் இருந்த பெருமை என்மேல்கூட இருந்ததில்லை. மண்டையில் டார்ச் லைட் உண்டு. ஒரு தடவை சார்ஜ் போட்டால் பல நாள் தாங்கும். மாட்டுத் தொட்டியில் விழுந்தும் பிழைத்துக்கொண்டது. மோட்டாருக்கு கரண்ட் வருகிற நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்வார். அவர் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் போனில் வருகிற எழுத்தெல்லாம் தெலுங்கில் வைத்திருந்தார். பச்சைப் பட்டன் எடுக்க, சிவப்புப் பட்டன் வைக்க, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் மாதிரி எல்லை ஊர்க்காரர்களுக்கு அப்போது ஒரு தொல்லை இருந்தது. கூடத்தில் இருந்தால் போன் ஆந்திரா டவரைப் பிடிக்கும். அடுப்பங்கரை ஜன்னலுக்குப் போனால் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துவிடும். அப்புறம் வேறு மாநிலம் என்று வருகிற போனுக்கும் பேலன்ஸ் கரையும். "அடுப்பங்கரைக்குப் போனை எத்துக்கினு போவாதடி" என்று தினமும் ஒரு சத்தம். பிறகு சித்தூரில் போன் கடைக்காரர் என்னவோ சொல்லிக்கொடுத்தாராம், போனை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாலும் ஒன்றும் ஆகாது என்று வந்து சொன்னார். ஊரில் எல்லாருமே அப்படிச் செய்துகொண்டார்கள். என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, சத்தம் நின்றதே போதும் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்குக் காலையிலேயே அவர் தோப்புக்கு மருந்தடிக்கப் போனார். பூவில் பூச்சி விழுந்திருந்தது. எதிர்க்காற்று. வாயில் துண்டு கட்டிக்கொண்டிருந்தாராம், அதெல்லாம் ஒரு பாதுகாப்பா? உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தவர் வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு மங்கலா கீது. கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

நான் சொம்போடு வருவதற்குள் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை கொட்டுகிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது, குமட்டிக் குமட்டி வாந்தி. கூப்பிட்டால் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பதில் வருகிறது. தெருவுக்கு ஓடிக் கத்தினேன். தெருவில் பால் வண்டி நின்றிருந்தது. அதன் டிரைவர்தான் ஓடிவந்து அவரைத் தூக்கி ஏற்றினார்.

"மருந்து டப்பா எங்கம்மா? ஆஸ்பத்திரில அதத்தான் மொதல்ல கேப்பாங்க" என்றார்.

டப்பா தோப்பில் கிடக்கும். தோப்பு ஊருக்கு அந்தக் கோடியில். அங்கே போய்த் தேடி எடுத்து வருகிறவரை இவர் தாங்குவாரா? என் ஓர்ப்படி, அதாவது அவர் தம்பி பெண்சாதி, பதறிப்போய் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன்: "நீ தோப்புக்கு ஓடு. டப்பாவத் தேடி எடு. அதுல இன்னா பேர் எழுதி கீதுன்னு பாத்து, கடையில இருந்து இவரு போனுக்குப் போடு. போன் என்கிட்ட கீது."

அப்போதெல்லாம் மளிகைக் கடை வாசலில் ஒரு ரூபாய் காசு போடுகிற பெட்டிப் போன் இருக்கும். அவர் செல் நம்பரை எங்கள் வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தோம். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு ஓர்ப்படி தோப்புப் பக்கம் ஓடினாள், நாங்கள் வேலூர்ப் பக்கம் போனோம்.

பெரிய ஆஸ்பத்திரி. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பால் வண்டிக்காரர், "பால் திரிஞ்சிடும்மா, நான் கெளம்பறேன்" என்று சங்கடப்பட்டுக்கொண்டே போனார். நான் தனியாக நின்றேன். ஒரு நர்ஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"சண்டை நாங்க தெனமுந்தான் போடுறோம். அதுக்காக மருந்து குடிக்கிற ஆளு இல்ல அவரு" என்றேன்.

அப்புறம் டாக்டரம்மா வந்தார். சின்ன வயதுதான். அறிகுறியைப் பார்த்து ஊசி ஆரம்பித்துவிட்டோம், ஆனால் நாங்கள் நினைத்த மாதிரி உடம்பு கேட்கவில்லை, வேறு ஏதோ சேர்ந்திருக்கிற மாதிரி தெரிகிறது, என்ன மருந்து என்று சரியாகத் தெரிந்தால்தான் அடுத்தது முடிவு செய்ய முடியும் என்றார்.

"பேரு தெரியாதுங்க. பூ மருந்துன்னுதான் சொல்லுவாரு. இப்ப போன் வரும், சொல்லிடறேன்."

"சீக்கிரம் கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போன் வரவில்லை. உள்ளங்கையில் வைத்து வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது வாயே திறக்கவில்லை. இதற்குள் தோப்புக்கு நான்கு தடவை போய் வந்திருக்கலாமே, இந்தப் பெண் வழியில் எவளோடு பேசிக்கொண்டு நிற்கிறாளோ என்று ஓர்ப்படியை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். நானே கூப்பிடலாம் என்றால் கடைப் பெட்டிப் போனின் நம்பர் யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். கதவு மூடிக்கொண்டது. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் என் வயசுக்காரி ஒருத்தி. அவளுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் அம்மா. ரேணிகுண்டா பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். நான் அழுவதைப் பார்த்து, "ஏமைந்தம்மா?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டவுடன் எனக்குத் தெரிந்த தெலுங்கில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் போனை வாங்கிப் பார்த்தாள்.

"இதிலோ நெட்வொர்க் லேதம்மா" என்றாள்.

டவரே இல்லையாம், டவர் பெயர் வருகிற இடத்தில் இருந்த எழுத்து அதுதானாம். நான் அதை டவர் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி முழுக்க எல்லார் கையிலும் போன் பேசுகிறது, இதற்கு மட்டும் என்ன கேடு?

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. அம்மா வீட்டுக்கு வேலூர் வரும்போதெல்லாம் இவர் செக்போஸ்ட் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டுவார். போனை எடுத்து எதையோ அமுக்குவார், பையில் போட்டுக்கொண்டு கிளப்புவார். திரும்பும்போதும் அதே மாதிரி. மணி பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். மணியா பார்த்தார், டவரை மாற்றியிருக்கிறார். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்துகொண்டது அதுதான். ஆந்திரா டவரைத் தவிர எதையும் பிடிக்காதே என்று போனைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அவிழ்த்துவிடுகிறவர் நினைவில்லாமல் உள்ளே கிடக்கிறார்.

அவளுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும், போனைப் பற்றித் தெரியாது. அவள் வீட்டில் போனே கிடையாது. எனக்கு எதைத் தேடவேண்டும் என்று தெரியும், படிக்கத் தெரியாது. "நேனு சதுவுதா, நுவ்வு நொக்கு" என்றாள். அவள் படிக்க, நான் அமுக்க, ஆரம்பித்தோம்.

சந்தேசாலு என்றாள். அது மெசேஜ். வேண்டாம், கீழே. பேர்லு. வேண்டாம். ஆட்டலு. அட, விளையாட்டு எனக்கு இப்போது எதற்கு. அமரிகலு. செட்டிங்ஸுக்கு அந்தப் பேர் என்று இப்போது தெரியும், அன்றைக்கு அந்த வார்த்தையில் இரண்டு பேருமே நின்றுவிட்டோம். வீட்டில் யாரும் அப்படித் தெலுங்கு பேசுவதில்லை. அவள் யோசித்தாள். "நொக்கு, சூத்தாம்" என்றாள், அமுக்கு பார்ப்போம் என்று. அமுக்கினேன். அதற்குள்ளே இன்னொரு வரிசை, அதற்குள்ளே இன்னொன்று. ஒரு இடத்தில் தப்பாக அமுக்கிவிட்டேன், போன் ஏதோ ரகசிய எண்ணைக் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. "வெனக்கி, வெனக்கி" என்று அவள் என் கையைத் தட்டினாள். பின்னால் வந்தோம். எங்கோ பக்கத்தில் ஒரு நர்ஸ் டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் தலைகள் இரண்டும் அந்த விரல் அகலத் திரைமேல் கவிழ்ந்திருந்தன.

கடைசியில் நெட்வொர்க் என்ற வார்த்தை வந்தது. உள்ளே இரண்டே வரி. மேலே இருந்ததை எழுத்துக் கூட்டி, "ஸ்வயம்சாலகம்" என்றாள். அவளுக்கே அது புதிது. ஸ்வயம் என்றால் தானே, அப்படியானால் தானாகத் தேடிக்கொள்வது என்று பேசி முடிவு கட்டினோம். பெருமாளே என்று அமுக்கினேன். போன் எதையோ தேடு தேடென்று தேடியது. ஓரத்தில் ஒரு கோடு எழுந்தது, இரண்டாவது எழுந்தது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் மணி அடித்தது.

"இன்னாக்கா, எத்தினி வாட்டி அடிக்கிறது, லைனே போவல" என்று ஓர்ப்படி அழுதாள். பாவம், டப்பாவை எப்போதோ கண்டுபிடித்துவிட்டு, அத்தனை நேரமும் அந்தப் பெட்டிப் போனிடம்தான் நின்றிருக்கிறாள்.

"டப்பா கெட்ச்சுதா?"

"ரெண்டு கீதுக்கா. ஒண்ணு வரப்புல கெடந்துச்சு. இன்னொண்ணு பம்புசெட்டு ரூம்ல. ரெண்டையும் கலந்து அடிச்சிக்கினு இருந்திருக்காரு."

நான் அவசரச் சிகிச்சைக் கதவுக்கு ஓடினேன். காவலாளி குறுக்கே கையை நீட்டினார்.

"போன் உள்ள கூடாதும்மா."

"போன் உள்ள போவலன்னா என் புருஷன் வெளிய வரமாட்டாரு" என்று கத்தினேன். சத்தம் கேட்டு டாக்டரம்மாவே வந்து போனை வாங்கிக்கொண்டார்.

முதல் டப்பாவின் பேர் கேட்டு முடிப்பதற்குள் லைன் அறுந்தது. காசு தீர்ந்துவிட்டது. டாக்டரம்மா போனையும் என்னையும் பார்க்கிறார், நான் போனைப் பார்க்கிறேன். இங்கே பேலன்ஸ் வேறு கரைந்துகொண்டிருக்கும், அதுவும் தீர்ந்தால் எல்லாம் முடிந்தது. அங்கே கடைக்காரர் கல்லாவிலிருந்த சில்லறையை அப்படியே அவள் பக்கம் தள்ளிவிட்டாராம், அது பிறகு தெரிந்தது. மறுபடியும் மணி அடித்தது. டப்பாவில் விஷத்தின் கடுமையைக் காட்டுகிற முக்கோணம் என்ன நிறம் என்று டாக்டரம்மா கேட்டார். பேரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். இரண்டாவது பேரைக் கேட்டதும் போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார்.

நான் நாற்காலிக்குத் திரும்பினேன். அந்தப் பெண் கையிலிருந்த டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எண்ணைக் கூப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. தமிழில் கூப்பிட்டதை, எனக்குப் படித்துச் சொல்கிற மும்முரத்தில், அவள் கவனிக்கவில்லை.

"பர்வாலேதம்மா, ரேப்பு வஸ்தாம்" என்றாள், நாளைக்கு வந்துகொள்கிறோம் என்று. சக்கர நாற்காலியில் அம்மாவை வைத்துக்கொண்டு ரேணிகுண்டாவிலிருந்து நாளைக்கு மறுபடியுமா? நான் நேராக டோக்கன் கூப்பிடுகிற ஜன்னலுக்குப் போனேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், நடந்ததைச் சொன்னேன், மறுபடியும் சண்டை போட்டேன். கடவுள் எனக்குக் கொடுத்த வாய்க்கு அன்றைக்குத்தான் உருப்படியான வேலை. கடைசியில் தாயையும் மகளையும் உள்ளே விட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். அதே நேரம் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

இப்போது மருந்து கேட்கிறது, இன்று இரவு தாண்டிவிட்டால் பயமில்லை என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அவர் நன்றாகக் கண் விழித்துப் பேச இரண்டு நாள் ஆயிற்று. தலைமாட்டில் இருந்த போனை எடுத்துப் பார்த்து, முதன்முதலாகக் கேட்ட கேள்வி: "டவரு மாறி கீதே, யாரு மாத்தனது? பேலன்ஸெல்லாம் போயிருக்குமே." சிரிப்பதா, ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன். செக்போஸ்ட் தாண்டுவது எந்தப் போனுக்கும் தெரிவதே இல்லை. அந்தப் பழைய போன் பீரோவில் இருக்கிறது, சார்ஜ் போட்டால் இன்னும் எரிகிறது. உரக்கடை, பால் வண்டி, கரண்ட்காரர் என்று எல்லா நம்பரும் அதில் அப்படியே உண்டு. அவள் நம்பர் மட்டும் இல்லை. வீட்டில் போனே இல்லாதவளிடம் என்ன நம்பரைக் கேட்பது. பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் இன்றைக்கும் ஏதாவது ஆஸ்பத்திரியில் யாராவது போனைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்தால், என் டோக்கனை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அவளுக்கு நான் போடக்கூடிய போன் அது ஒன்றுதான்.